பதிவேட்டை உரக்க வாசிக்கும் ஊர்

சர்வாதிகாரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவை தலைநகரத்து வீதிகளில் அணிவகுக்கும் படைகளும், நள்ளிரவில் தட்டப்படும் கதவுகளும், முத்திரையிட்டு மூடப்பட்ட பத்திரிகாலயங்களுமே. அவை சரித்திரத்தில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே குண்டாற்றை ஒட்டிப் பரந்து கிடக்கும் கரிசல் காட்டில், மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் குதிரைவாலியும் விதைத்து, மழை பொய்த்த ஆண்டில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஒரு குடியானவர், அரசாங்கம் என்னும் அந்தப் பெரும் சக்தியைத் தம் வாழ்நாளில் நேருக்கு நேர் சந்திப்பது ஒரு பதிவேட்டின் வடிவத்திலேதான். பட்டா, குடும்ப அட்டை, வறட்சி நிவாரணப் பட்டியல், தொகுப்பு வீடு பெறுவோர் பட்டியல், நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல் என்னும் இவற்றில் அவருடைய பெயர் இருக்குமாயின் அவர் பிரஜை. விடுபட்டுப் போகுமாயின், சட்டம் அவருக்கு எத்தனை உரிமைகளை வழங்கியிருந்தபோதிலும், அவர் அலுவலக வாசலில் காத்து நிற்கும் விண்ணப்பதாரரே.

ஆகவே, பதிவேட்டை எழுதுபவர் யார், அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, ஊர் கூடிய இடத்தில் அதை உரக்க வாசிக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற மூன்று வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே ஓர் ஊரின் சுதந்திரத்தை அளக்கலாம் என்பது என் துணிபு. எதேச்சாதிகாரம் எந்த வேடத்தில் வந்தாலும் அதன் முதற்கருவி மூடிய பதிவேடு. அதை எதிர்த்து நிற்க எண்ணும் சாதாரணக் குடிமக்களின் முதற்கருவி, அந்தப் பதிவேட்டைப் பலர் முன்னிலையில் திறக்கச் செய்யும் இடைவிடாத பழக்கம். இதற்குச் சான்றுகளை இந்த வறண்ட சீமையின் சரித்திரத்திலிருந்தும், அதன் அண்டை அயலிலிருந்தும், அவசியமான இடங்களில் வெளியுலகிலிருந்தும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரேகைச் சட்டம் கற்பித்த பாடம்

மூடிய பதிவேட்டின் கொடுமையை இந்தச் சீமை நூல்களில் படித்து அறிந்துகொள்ளவில்லை. தன் உடம்பில் அனுபவித்தே அறிந்தது. 1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டு, 1911ஆம் ஆண்டின் புதுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம், மக்கள் வழக்கில் ரேகைச் சட்டம், ஒரு சமூகத்தாரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்தது. அவ்வாறு அறிவிக்கப்பட்டவர்களுடைய பெயரும் கைரேகையும் பதிவேட்டில் ஏறின. அவர்கள் குறித்த வேளைகளில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும். ஊரை விட்டு வெளியே செல்வதற்கு முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். இவை யாவற்றினும் கொடிய அம்சம் ஒன்று உண்டு. அந்த அறிவிப்பின் நியாயத்தை எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாகாது என்று சட்டமே விதித்திருந்தது. அதாவது பதிவேட்டை எழுதியவர் அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். எழுதப்பட்டவருக்கோ அதை மறுத்துப் பேசுவதற்கு ஓர் இடமும் கிடையாது.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்து நின்ற பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். மாண்டவர்களில் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். 1929இல் ஆப்பநாட்டு மறவர் கிராமங்களுக்கும் அந்தச் சட்டம் வந்தது. அதற்கு எதிராக முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார். 1934 மே மாதத்தில் அபிராமத்தில் ஒரு மாநாடு கூடிற்று. மதுரைப் பக்கத்தில் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், ரேகைச் சட்டத்துக்கு உள்ளான கள்ளர்களின் பொருட்டு வாதாடினார். 1947இல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிக்கப்பட்டது.

அந்தக் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட போராட்டத்தில் மாநாடுகளும் சொற்பொழிவுகளும் சட்ட வாதங்களும் தத்தம் பங்கை ஆற்றின. ஆனால் அவற்றின் அஸ்திவாரமாக இருந்தது, ஊர்ப் பொதுவிடத்தில் கூடிய எளிய மனிதர்கள், தங்களைப் பற்றித் தங்களைக் கேளாமல் எழுதப்பட்ட ஒரு பதிவேட்டுக்குத் தங்கள் கட்டைவிரலைத் தர மாட்டோம் என்று ஒன்றாக எடுத்த தீர்மானமே. அத்தீர்மானம் இல்லாதிருந்தால் தலைவர்களுக்குத் திரட்டுவதற்கு மக்கள் இருந்திருக்க மாட்டார்கள்; வழக்கறிஞர்களுக்கு வாதிடுவதற்கு வழக்கும் இருந்திருக்காது.

நெருக்கடிக் காலத்துப் பட்டியல்கள்

அந்நியர் ஆட்சி அகன்றதும் மூடிய பதிவேடு ஒழிந்துவிட்டதென்று நம்பியவர்களை 1975 ஜூன் 25ஆம் தேதி இரவு திடுக்கிட வைத்தது. நெருக்கடி நிலைப் பிரகடனத்தின் கீழ் மிசா சட்டத்தால் சிறைப்பட்டவர்களுக்கு, தாங்கள் ஏன் சிறைப்பட்டோம் என்பதை அறியும் உரிமைகூட மறுக்கப்பட்டது. 1976 ஏப்ரல் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, அந்தக் காவலை எதிர்த்து நீதிமன்றத்தை அணுகும் வழியையும் அடைத்தது, நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். ரேகைச் சட்டம் ஒரு சமூகத்தாருக்குச் செய்ததையே நெருக்கடிச் சட்டம் தேசத்தார் அனைவருக்கும் செய்தது என்று கூறினால் அது மிகையாகாது. பெயரை எழுதுபவர் காரணம் சொல்ல வேண்டுவதில்லை, எழுதப்பட்டவர் எங்கும் முறையிட முடியாது என்ற அதே இலக்கணம் இரண்டிலும் இருந்தது.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசாங்கம் கலைக்கப்பட்ட பின்னரே நெருக்கடி நிலையின் முழுக் கடுமையும் புலப்பட்டது. சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டவர்கள் தாக்கப்பட்டதையும், அச்சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் மரணமடைந்ததையும் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிற்பாடு விசாரித்தது. கைதானவர்களின் பெயர்களைப் பத்திரிகைகள் வெளியிடத் தணிக்கை இடந்தராத அந்நாளில், அண்ணாவின் நினைவு தினமான பிப்ரவரி 3 அன்று, அவருடைய சமாதிக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பட்டியலை 'முரசொலி' வெளியிட்டது. யார் யார் சிறையிலிருக்கிறார்கள் என்பதை ஊர்களில் இருந்த குடும்பங்களும் தோழர்களும் அதைக் கொண்டே தெரிந்துகொண்டனர். அரசாங்கம் மூடி வைத்த ஒரு பட்டியல், மற்றொரு பட்டியலாகப் பொதுவிடத்துக்கு வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் நம்முடைய தற்பெருமைக்கு ஒவ்வாத ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1977 மார்ச் மாதத்துப் பொதுத் தேர்தலில் வட இந்திய மக்கள் நெருக்கடி ஆட்சியை வேரோடு பெயர்த்தெறிந்தபோது, தமிழ்நாட்டின் பெரும்பாலான தொகுதிகளில் வெற்றி பெற்றது காங்கிரஸோடு சேர்ந்து நின்ற கூட்டணியே. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். வாக்காளரைக் குறை கூறுவதற்காக நான் இதை எடுத்துரைக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இடப்படும் வாக்கில் எத்தனையோ விருப்பு வெறுப்புகளும், உள்ளூர்க் கணக்குகளும், தலைவர்கள்பால் கொண்ட அன்பும் கலந்திருக்கும். சுதந்திரத்தைக் காக்கும் முழுப் பொறுப்பையும் அந்த ஒரு நாளின் தலையில் சுமத்திவிட்டு எஞ்சிய நாள்களில் நாம் உறங்கலாகாது என்பதே அதனால் பெறப்படும் படிப்பினை. மேலும், தலைநகரங்களில் ஆட்சிகள் மாறிய அந்தக் காலத்தில் நம் கிராமங்களில் நிகழ்ந்தது என்ன? 1970க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1986இல்தான் நடைபெற்றது. அதற்கடுத்த தேர்தல் 1996இல். நெருக்கடி நிலை இருபத்தொரு மாதங்களில் நீங்கிற்று. ஊர்மக்கள் தம் ஊரை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க இயலாத நிலையோ பதினாறு ஆண்டுகள் நீடித்தது. அதைக் குறித்து எவரும் மாபெரும் கிளர்ச்சி செய்யவில்லை.

கண்மாயும் சபையும் மகமையும்

கூடிப் பேசி முடிவு செய்யும் பழக்கம் இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று. பாண்டிய நாட்டு மானூரில், ஏறக்குறைய கி.பி. 800ஆம் ஆண்டினதெனக் கருதப்படும் கல்வெட்டொன்று, ஊர்ச் சபையில் பேசுவதற்கு உரியவர் யார் என்று வரையறுப்பதோடு, எந்தக் காரியத்தை எடுத்தாலும் 'அன்று அன்று' என்று முட்டுக்கட்டை போடுபவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் விதிக்கிறது. குடவோலைக்குப் பேர்பெற்ற உத்திரமேரூர்ச் சாசனங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முந்தியது அது. எனினும் அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணரின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் சேரியில் வாழ்ந்தவர்களுக்கும் அதில் வாயில்லை. அதை நம் ஜனநாயகத்தின் மூலஸ்தானமென்று கொண்டாடுவோர் இந்தக் குறைபாட்டையும் உடன் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சபையைக் காட்டிலும் விரிவான அரசியற் பள்ளியாக இந்தச் சீமையில் விளங்கியது கண்மாய். மேலூர்க் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால்தான் கீழூர்க் கண்மாய்க்குத் தண்ணீர். கலுங்கின் மட்டத்தை மேலூரார் ஒரு கல் உயர்த்தினால் கீழூரார் வயலில் ஒரு போகம் போயிற்று. எந்த மடையை எந்த நாளில் திறப்பது, எவருடைய வயலுக்கு முதலில் பாய்ச்சுவது, கரையில் உடைப்பெடுத்தால் வீட்டுக்கு எத்தனை ஆள் வருவது, மீன்குத்தகைப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்னும் இவையாவும் பலர் கூடி, பலர் அறிய, முடிவு செய்தாக வேண்டியவை. நீர்பாய்ச்சி ஒருவரை ஊரே நியமித்து, விளைச்சலிலிருந்து அவருக்குப் படியளந்ததன் பொருள், நீரைப் பங்கிடும் அதிகாரம் எந்தத் தனி நிலக்காரருடைய கைக்கும் போகலாகாது என்பதே. குடிமராமத்து என்னும் இந்தப் பொதுக் கடமையை 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அரசாங்கத்தின் உத்தரவாக மாற்றியது. ஊர் கூடி மனமொப்பிச் செய்துவந்ததை மேலிருந்து வந்த கட்டளைக்கு அஞ்சிச் செய்யும்படி ஆயிற்று. பிற்காலத்தில் கண்மாய்களின் பொறுப்பு பொதுப்பணித் துறைக்கும் ஒன்றியங்களுக்கும் சென்றபோது, கண்மாயோடு அதன் கணக்கும் ஊரை விட்டு வெளியேறிற்று.

மூன்றாவதாக, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர் முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் அமைத்த உறவின்முறைகளையும் மகமையையும் குறிப்பிட வேண்டும். கோயிலும் வீதியும் மறுக்கப்பட்ட நிலையில், சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமையையும், வீடுதோறும் சோறு பொங்கும்போது ஒதுக்கிய பிடி அரிசியையும் கொண்டு அவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அவ்வாறு எழுந்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலாவில் படித்தவர்களுள் ஒருவர் காமராஜர். எவரிடமும் கையேந்தாமல், கணக்கைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, நாள்தோறும் ஒரு பிடி என்ற அளவில் கட்டப்பட்ட சக்தி அது. ஆனால் அதன் எல்லை ஜாதியோடு முடிந்தது. தம்மவர் அல்லாதாருக்கு அந்தக் கணக்குப் புத்தகம் திறக்கப்படவில்லை. உள்ளூர்ச் செயல் என்பதனாலேயே அது ஜனநாயகச் செயல் ஆகிவிடாது என்பதைச் சபையும் மகமையும் ஒருங்கே உணர்த்துகின்றன.

மக்கள் தாமே எழுதிய பதிவேடு

மூடிய பதிவேட்டுக்கு விடை, பதிவேடே வேண்டாமென்று ஒதுங்குவதா, அல்லது மக்கள் தாமே ஒரு பதிவேட்டை எழுதுவதா? நம் தேசிய இயக்கத்தின் சிறந்த அத்தியாயங்கள் இரண்டாவது வழியையே காட்டுகின்றன. 1917இல் சம்பாரணுக்குச் சென்ற காந்தியடிகள் அவுரித் தோட்ட முதலாளிகளை எதிர்த்து முதலில் செய்த காரியம், ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாக எழுதி வாங்கியதே. குஜராத்தின் மாதர் தாலுகாவில், நிலவரி நியாயமானதென்று அரசாங்கம் சாதித்தபோது, ஜே.சி. குமரப்பா குஜராத் வித்யாபீடத்து மாணவர்களோடு கிராமம் கிராமமாகச் சென்று, குடும்பங்களின் வரவையும் செலவையும் கடனையும் கணக்கெடுத்து, அந்த வரியைத் தாங்கும் சக்தி குடியானவருக்கு இல்லையென்று எண்களாலேயே நிலைநாட்டினார். அந்தக் குமரப்பா தம் இறுதிக் காலத்தைக் கழித்தது, இந்தக் கரிசல் சீமையின் அண்டையிலுள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் என்பது நமக்கு ஒரு பெருமை. அதைவிட அதிகமாக ஒரு பொறுப்பு.

அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னர், ராஜஸ்தானத்தின் வறண்ட கிராமங்களில் இதே வழி புதுப்பிக்கப்பட்டது. 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், வறட்சி நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலியைக் கேட்ட தொழிலாளருக்கு, 'நீ செய்த வேலை பதிவேட்டில் இல்லை' என்ற பதிலே கிடைத்ததைக் கண்டு, அந்தப் பதிவேட்டையே காட்டும்படி கேட்டது. 1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் ஊரில் நடந்த மக்கள் விசாரணையில், வருகைப் பதிவேடுகளும் பற்றுச்சீட்டுகளும் கூட்டத்தார் முன் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களின் பெயர்களும் நடைபெறாத வேலைகளின் செலவும் வெளிப்பட்டன. அங்கே எழுந்த கோரிக்கை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகவும், நூறு நாள் வேலைச் சட்டத்தில் கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கையாகவும் வடிவெடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளி, வாசிக்கக் கேட்ட மாத்திரத்தில் 'அந்த நாள் நான் வேலைக்குப் போகவில்லையே' என்று எழுந்து நின்று சொல்லும் அந்தக் கணத்தில், பல தணிக்கையாளர்கள் பல மாதங்களில் கண்டுபிடிக்க இயலாதது பிரத்தியட்சமாகிறது. பதிவேட்டை உரக்க வாசிப்பதன் சக்தி இதுவே. கல்வியிலும் செல்வத்திலும் ஏற்றத்தாழ்வு மலிந்த ஊரில், தன் வாழ்க்கையைப் பற்றிய சாட்சியத்திலாவது எல்லோரையும் அது சமமாக்கிவிடுகிறது.

கிராம சபையும் அரிட்டாபட்டியும்

73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே வந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரையும் கிராம சபையின் உறுப்பினராக்கியிருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்னும் நான்கு நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22உம் நவம்பர் 1உம் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. ஐந்நூறு பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேரும், மூவாயிரம் வரை 100 பேரும், பதினாயிரம் வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருந்தால் குறைவெண் நிறைவுறும். வரவு செலவைச் சுருக்கிக் காட்டும் படிவம் 30 சபையின் முன் வைக்கப்பட வேண்டும். பயனாளிகளின் பட்டியல் வாசிக்கப்பட வேண்டும். சட்டத்தில் உள்ளது இது. நடைமுறையில், குறைவெண்ணுக்கு வேண்டிய கையெழுத்துகள் முதலில் வாங்கப்பட்டு, தீர்மானங்கள் பின்னர் எழுதப்படும் ஊர்களில், தீர்மானப் புத்தகமும் மற்றொரு மூடிய பதிவேடாகிவிடுகிறது. வெற்றுத் தாளில் இடப்படும் கையெழுத்துக்கும் ரேகைச் சட்டத்துக் கட்டைவிரலுக்கும் தூரம் அதிகமில்லை. ஒரே வித்தியாசம், இதை நாமே மனமுவந்து தருகிறோம்.

திறந்த தீர்மானப் புத்தகம் என்ன செய்யக்கூடும் என்பதை அண்டையிலுள்ள மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரம் காட்டியிருக்கிறது. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, ஏலத்தின் மூலம் ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டதென்ற செய்தி வெளியாயிற்று. 2022இல் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் குன்றுகளும் சுனைகளும் குடைவரைக் கோயிலும் அமைந்த பூமி அது. அந்த மக்களுடைய அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் அவர்கள் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் திரள் திரளாக மதுரை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசாங்கம் அந்த ஏலத்தை ரத்து செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி, ஒடிசாவின் நியமகிரி மலையில் கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்ததற்கு வன உரிமைச் சட்டத்தின் பலம் இருந்தது. மேலூர்க் கிராமங்களுக்கு அத்தகைய சட்டப் பலம் கிடையாது. கனிமத்தின் மீது முடிவெடுக்கும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. இருந்தும், எழுத்தில் ஏறிய, தேதியிட்ட, உண்மையான கையெழுத்துகள் கொண்ட தீர்மானங்கள், 'மக்கள் எதிர்க்கவில்லை' என்று சொல்லிவிடும் வாய்ப்பை எவருக்கும் இல்லாமற் செய்தன. சட்டம் தராத அதிகாரத்தைத் தொடர்ந்த பழக்கமும் ஒற்றுமையும் ஓரளவுக்கேனும் ஈட்டித் தந்தன.

ஊருக்குள் குடியிருக்கும் எதேச்சாதிகாரம்

இதுவரை சொல்லியவற்றைக் கேட்டு, ஊர் என்றால் ஒன்றுபட்ட ஒரு நல்ல உள்ளமென்றும் தீமை யாவும் வெளியிலிருந்தே வருகிறதென்றும் ஒருவர் எண்ணுவாராயின், அவர் இந்தச் சீமையை அறியாதவர். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் தேவேந்திரர்களின் பிரதிநிதிகளுள் ஒருவராகக் கலந்துகொண்ட இம்மானுவேல் சேகரன், மறுநாள் இரவு பரமக்குடியில் கொலையுண்டார். அதைத் தொடர்ந்த கலவரங்களின் வடு இன்றும் முற்றாக ஆறவில்லை. 1996 முதல் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிகளைச் சில ஊர்கள் ஏற்க மறுத்தன. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன், தம் தோழர்களோடு 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றோடு, நமது விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் பத்தாண்டுக் காலம் தலைவர் பதவி ஒழுங்காக நிரப்பப்படவே இல்லை. 2006 அக்டோபரில்தான், அதிகாரிகளும் அரசியல் கட்சிகளும் இயக்கங்களும் ஊர்ப் பெரியவர்களோடு பொறுமையாகப் பேசிப் பேசி, அங்கே தேர்தலை நடத்தி முடித்தனர்.

அந்தப் பத்தாண்டுகளில் அவ்வூர்களில் ஊர்க்கூட்டம் கூடாமல் இல்லை, ஒற்றுமைக்கும் குறைவில்லை. அந்த ஒற்றுமைதான் சேரியின் வாயை அடைத்தது. தலைநகரத்துச் சர்வாதிகாரியிடம் நாம் எதைக் கண்டிக்கிறோமோ, பிறருடைய சம்மதமின்றி அவர்களுடைய வாழ்வை முடிவு செய்யும் அந்த உரிமையை, ஊர்ச் சாவடியில் அமர்ந்து நாமே செலுத்துவோமாயின், நாம் எதிர்ப்பது அவருடைய எதேச்சாதிகாரத்தையா, அவருடைய ஸ்தானத்தையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடுவதும், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் மனைவியை நிறுத்தி நாற்காலியில் கணவர் அமர்வதும், தாழ்த்தப்பட்ட சமூகத்துத் தலைவரைத் தரையில் உட்கார வைப்பதும் இதே நோயின் வேறு வேறு அடையாளங்கள். கண்மாய்க் கரையைப் பெருவெள்ளம்தான் உடைக்கிறதென்று தோன்றினாலும், உடைப்புக்கு வழி செய்தது கரைக்குள் நண்டு துளைத்த வளையே என்பதைக் குடியானவர் அறிவார். தேசத்தின் சுதந்திரத்துக்கு நேரும் உடைப்பும் அத்தகையதே.

நாள்தோறும் செய்யத்தக்கவை

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம், விருதுநகர் மாவட்டத்திலும் ஏனைய பல மாவட்டங்களிலும், 2025 ஜனவரி 5 அன்று முடிவுற்று, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. அதற்கு முன்னரும் 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் இந்நிலையே இருந்தது. தனி அலுவலர் நல்லவராக இருக்கலாம், திறமைசாலியாகவும் இருக்கலாம். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஊரார் அல்லர், நீக்கவும் ஊராரால் இயலாது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. ஆனால் தேர்தல் நின்றாலும் கிராம சபை நிற்பதில்லை. தலைவர் இல்லாத காலத்தில், கணக்குக் கேட்கும் கடமை முழுவதும் சபையின் உறுப்பினராகிய ஒவ்வொரு வாக்காளரின் தலைமேலும் வருகிறது.

அக்கடமையைச் செய்வதற்கு வீரம் பெரிதாக வேண்டியதில்லை, விடாமுயற்சியே வேண்டும். சபை கூடும் நாளில், சேரியிலிருந்தும் ஊரிலிருந்தும், ஆணும் பெண்ணுமாக, ஒரே பாயில் சமமாக அமர்வது முதற்காரியம். தீர்மானம் எழுதி வாசிக்கப்பட்ட பின்னரே கையெழுத்திடுவது இரண்டாவது. படிவம் 30ஐ வாசிக்கச் சொல்லி, விளங்காத தொகைக்கு விளக்கம் கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்வது மூன்றாவது. அங்கே விடை கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு. அந்த மனுவில் ஒருவருடைய பெயர் மாத்திரம் தனியே நில்லாமல், பலர் பலவாக எழுதுவது நலம், ஏனெனில் தனித்து நிற்பவரை அச்சுறுத்துவது எளிது. பெற்றோர் முக்கால் பங்கினராக இருக்க வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழு, நியாய விலைக் கடையின் இருப்புப் பலகை, கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம், அருப்புக்கோட்டை போன்ற நகரங்களில் வார்டுதோறும் கூடும் பகுதி சபை ஆகிய ஒவ்வொன்றும் திறக்கப்படக் காத்திருக்கும் ஒரு பதிவேடு. வெளியூர்களுக்குப் பிழைக்கப் போனவர்கள், தறியோடும் கடையோடும் கட்டுண்டவர்கள், நாள் கூலியை இழக்க முடியாதவர்கள் எல்லாருக்கும் இது எளிதன்று என்பதை அறிவேன். அதனால்தான் இதை ஒருவருடைய தியாகமாக ஆக்காமல், முறை வைத்துப் பலர் பகிர்ந்துகொள்ளும் வேலையாக்க வேண்டும். கண்மாய்க்கு ஆள் அனுப்பிய ஊர்களுக்கு முறை வைப்பது தெரியாததன்று.

சுரங்கங்களையும் அணுவுலைகளையும் நாடாளுமன்றச் சட்டங்களையும் நிர்ணயிக்கும் பெரும் சக்திகளின் முன் படிவம் 30 எம்மாத்திரம் என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவர்களுடைய சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஊர்ச் சபையால் ஒரு கொடுங்கோல் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட முடியாது. நீதிமன்றமும் பத்திரிகையும் கட்சிகளும் தேர்தலும் செய்ய வேண்டிய வேலைகளுக்கு அது மாற்றாகாது. ஆனால் அந்த ஸ்தாபனங்களுள் பல நெருக்கடி நிலைக் காலத்தில் வளைந்து கொடுத்ததை நாம் கண்டோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்ச் சபைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் தோக்வில், 1835ஆம் ஆண்டிலேயே, ஒரு தேசத்தாரின் சுதந்திரப் பற்று அத்தகைய சபைகளில்தான் பழகப்படுகிறதென்று கண்டுரைத்தார். அவ்வாறு பழகியிராத மக்களுக்கு மேலிருந்து அளிக்கப்படும் சுதந்திரம், மேலிருந்தே பறிக்கப்படும் நாளில், காப்பதற்கு ஆளின்றிப் போகும்.

தன் ஊர்ச் சாலைக்குச் செலவான தொகைக்குக் கணக்குக் கேட்டுப் பழகிய ஒருவர், தன் பெயர் காரணமின்றி ஒரு பட்டியலில் சேர்க்கப்படும்போதோ நீக்கப்படும்போதோ, ஏன் என்று கேட்பதற்குத் தயங்கமாட்டார். தன் பக்கத்தில் அமர்ந்திருந்தவருடைய பெயர் நீக்கப்படும்போதும் அவர் கேட்பார். ஏனெனில் அவரோடு ஒரே பாயில் அமர்ந்து பழகியிருக்கிறார். அத்தகையோர் ஊருக்கு ஐம்பது பேர் இருப்பார்களாயின், ரேகைச் சட்டத்தின் பேரப்பிள்ளைகள் எந்தப் பெயரில் வந்தாலும், இந்தச் சீமையில் அவற்றுக்கு எளிதாக இடங்கிடைக்காது. அந்த ஐம்பது பேரைத் திரட்டும் வேலை அடுத்த கிராம சபை நாளுக்கு முன்பே தொடங்கப்பட வேண்டும். தொடங்க வேண்டியவர் இதை வாசிக்கும் நாம் ஒவ்வொருவருமே.